முதல் பிறந்தநாளிலேயே தொடங்குவோம்!

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும், பெற்றோருக்கான பரீட்சை தொடங்கிவிடுகிறது. கவுன்சலிங்கில் இடம் கிடைத்தால், பணம் கட்டச் சில நாள்கள்தான் அவகாசம். கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், பஸ், லேப்டாப் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நகைக்கடன் வாங்கப் போகும் அம்மாக்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். மதிப்பெண் இருந்தும், கையில் பணமில்லாமல் ஆசைப்பட்ட படிப்பை விட்டுக்கொடுக்கும் பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மருத்துவச் செலவைப்போலச் சொல்லாமல் வருவதல்ல கல்லூரிச் செலவு. குழந்தை பிறந்த அன்றே, எந்த ஆண்டில் கல்லூரிக்குப் போகும் என்பது தெரிந்துவிடுகிறது. 17 ஆண்டு அவகாசம் இருந்தும் கடைசி மாதத்தில்தான் ஓடுகிறோம்.

பெண் குழந்தைகளுக்காக 2015 ஜனவரியில் தொடங்கப்பட்டது செல்வமகள் சேமிப்புத் திட்டம். 10 வயதுக்குள் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய். அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2024 தொடக்கத்தில் இதன் வட்டி 8.2 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. அந்த வட்டி நீடிப்பதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டோம். குழந்தை பிறந்ததுமே மாதம் 1,000 ரூபாய் கட்டத் தொடங்கினால், 15 ஆண்டுகளில் கட்டுவது 1.8 லட்சம்; மகளின் 18-வது வயதில் கணக்கில் இருப்பது சுமார் 4.35 லட்சம். அதையே எட்டு வயதில் தொடங்கினால், 18 வயதுக்குள் கட்டுவது 1.2 லட்சம், சேர்வது சுமார் 1.8 லட்சம்தான். 60,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியதற்கு இரண்டரை லட்சம் அதிகம் கிடைக்கிறது. அதை ஈட்டித் தருவது ஆரம்பத்திலேயே போட்ட பணம்.

மாதத்தின் 5-ம் தேதிக்குப் பிறகு கட்டும் பணத்துக்கு அந்த மாத வட்டி கிடைக்காது. எனவே, சம்பளம் வந்ததும் முதல் செலவாக இதைக் கட்டிவிட வேண்டும். மகன் என்றால், தபால் நிலையங்களில் 'பொன்மகன்' என்று அறிமுகமான பி.பி.எஃப் (பொது வருங்கால வைப்புநிதி) கணக்கு இருக்கிறது. அது முதிர 15 ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால், இரண்டு வயதுக்குள் தொடங்கினால்தான் கல்லூரிக்கு முழுப் பணமும் உதவும்.

மொய்ப் பணம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். ஆனால், பிறந்தநாளுக்குத் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா குழந்தையின் கையில் வைக்கும் நோட்டுகள் குழந்தைக்கே சொந்தம். அவற்றை வீட்டுச் செலவில் கரைய விடக்கூடாது. அவை குழந்தையின் கணக்கில் சேர வேண்டும். மகளுக்குச் சேர்த்த பணத்தைக் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிவைக்கும் பழக்கமும் மாறட்டும். அந்தப் பணத்தில் முதல் உரிமை அவள் படிப்புக்குத்தான்.

மத்திய அரசிடம் நாம் கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு. செல்வமகள் கணக்கு முதிர்வது தொடங்கியதிலிருந்து 21 ஆண்டுகள் கழித்து. படிப்புக்காக இடையில் எடுக்க வேண்டுமென்றால், முந்தைய நிதியாண்டு இறுதியில் இருந்த தொகையில் பாதி வரைதான் தருகிறார்கள். கல்லூரியோ 21 வயது வரை காத்திருப்பதில்லை. சேர்க்கைக் கடிதத்தைக் காட்டினால், தேவைப்படும் முழுக் கட்டணத்தையும் எடுக்க அனுமதிக்க வேண்டும். பெற்றோர் சேமித்த பணம் கணக்கில் கிடக்க, அதே படிப்புக்கு வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை நியாயமல்ல.

மாதம் 1,000 ரூபாய் எடுத்துவைக்க முடியாத குடும்பங்கள் ஏராளம் என்பதை அறிவோம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் அவர்களுக்காகவே வந்தவை. அவை எந்த ஆட்சியிலும் தொடர வேண்டும். ஆனால், 250 ரூபாயாவது முடிந்தவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? பிறப்புச் சான்றிதழையும் உங்கள் ஆதார், பான் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தபால் நிலையத்துக்குப் போய்வாருங்கள்.

- ஆசிரியர்