சேரியில் தொடங்கட்டும் பேரிடர் பயிற்சி

நந்திவரம் ஏரி நிரம்பினால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நுழையும் என்பது கூடுவாஞ்சேரியில் தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் நிவாரணப் பணியாளர்களுக்கான பயிற்சியில் படகுக்கும் கயிறுக்கும் இருக்கும் இடம், அந்த மக்களிடம் கேட்டறிவதற்கு இல்லை.

கேட்காததன் விலையை நாம் அறிவோம். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் படகும் வலையுமே இழப்பாக முதலில் எண்ணப்பட்டன. கூலி இழந்த தலித் விவசாயத் தொழிலாளர்கள் பலர் பட்டியலில் விடுபட்டனர். முகாம்களிலும் சாதி புகுந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் குப்பை அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அள்ளுவதற்கு நாம் வேண்டும், ஆலோசனைக்கு வேண்டாமா?

பாதிக்கப்பட்டவர்கள் முடிவெடுப்பதில் பங்கேற்க வேண்டும் என்பதை உலகளாவிய நிவாரண அமைப்புகள் 2014-லேயே அடிப்படைத் தரமாக ஏற்றுள்ளன. அதைச் செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகமும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

பருவமழைக்கு முன்பே பயிற்சியைச் சேரிகளில் நடத்துங்கள். அங்குள்ள பெண்களும் துப்புரவுப் பணியாளர்களும் பாடம் சொல்லட்டும். நிவாரணப் பட்டியலைத் தெருவில் எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். விடுபட்ட பெயரை அங்கேயே சேருங்கள். நாம் கேட்பது கூடுதல் அரிசியை அல்ல, பட்டியல் எழுதும் இடத்தில் ஓர் இருக்கையை.