லீவு நாள் கடைவேலை இழிவா?

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவர் மிகுந்த மனவருத்தத்துடன் நம்மிடம் வந்து, பதினோராம் வகுப்பு வாசிக்கும் தமது மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கப் போவதாகப் பிடிவாதம் செய்கிறானென்றும், "நமக்கென்ன சோற்றுக்கா பஞ்சம்? நாலு பேர் பார்த்தால் என்ன சொல்லுவார்கள்?" என்று தாம் எவ்வளவு சொல்லியும் அவன் கேட்கவில்லையென்றும், நாம் அவனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்ல வேண்டுமென்றும் கேட்டுக் கொண்டார்.

அந்த நண்பருடைய வீட்டு வாசலில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் பாக்கெட் போட்டுவிட்டுப் போகிற பையனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். அவன் வேலை செய்வதைப் பற்றி நண்பருக்கு ஒரு நாளாவது மனவருத்தம் வந்ததில்லை. இதை நாம் எடுத்துச் சொன்னதும் அவர், "அவன் கதை வேறே" என்று சொன்னார். அந்த "வேறே" என்கின்ற ஒரு சொல்லைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

நமது நாட்டில் வேலை என்பது செய்கிறவனுடைய பிறப்பைப் பொறுத்து மதிக்கப்படுகிறதேயல்லாமல், அதனுடைய பயனைப் பொறுத்து மதிக்கப்படுவதில்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகள் கைநனைய வேலை செய்தால் அது இழிவு. மற்றொரு வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம். முதல் வகுப்புப் பிள்ளை இருபத்தைந்து வயது வரையில் தகப்பனாரிடம் பஸ்ஸுக்குக் காசு வாங்கிக் கொண்டிருப்பான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையோ பதினைந்து வயதில் காலை முதல் நடுராத்திரி வரையில் கடையில் நின்று கொண்டிருப்பான். இந்த இரண்டும் வெவ்வேறு வியாதிகளென்று பலர் நினைக்கிறார்கள். நம்முடைய அபிப்பிராயத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றேயாகும். பாடுபடுவது ஈனம், பாடுபடாமல் சாப்பிடுவது மேன்மை என்கின்ற எண்ணமே அந்த வேர். ஆகவே, பதினாலு வயது கடந்த எந்தப் பிள்ளையும், ஆணானாலும் பெண்ணானாலும், தானாக விரும்பினால், படிப்புக்குக் கேடில்லாமல், வாரத்தில் ஒரு நாள் சில மணி நேரம் கூலி பெற்று வேலை செய்வதை உரிமையாகவே கொள்ள வேண்டும். அது ஏழைப் பிள்ளைக்கு விதியாகவும் பணக்காரப் பிள்ளைக்கு இழிவாகவும் இருக்கக்கூடாது.

"அப்படியானால் 1953-ல் ஆச்சாரியார் அரை நாள் படிப்பு, அரை நாள் தகப்பன் தொழில் என்று கொண்டு வந்ததைத்தானே நீங்களும் சொல்லுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லவே இல்லை. அந்தத் திட்டத்தில் நாவிதர் பிள்ளை கத்தியையும், குயவர் பிள்ளை சக்கரத்தையும் விட்டு நகர முடியாது. பள்ளிக்கூட நேரமே பாதியாக வெட்டப்பட்டது. பிள்ளையின் இஷ்டத்தைக் கேட்பாரில்லை. கூலி என்ற பேச்சே இல்லை. அதனால்தான் நாடே எதிர்த்து நிற்க, 1954-ல் காமராஜர் அதை எடுத்துவிட்டார். நாம் சொல்லுகிற கடைவேலையோ தகப்பன் தொழிலுக்கு வெளியே போய் உலகத்தைப் பார்ப்பதாகும். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியவர்கள், பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்று நல்ல காரியம் செய்துவிட்டு, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தையும் திறந்து வைத்திருக்கிறார்கள். குலத்தொழில் அந்தச் சந்து வழியாகத் திரும்ப உள்ளே வராமல் பார்த்துக் கொள்ள வேண்டியது நம்முடைய பொறுப்பாகும்.

நிற்க, மேல்நாட்டில் எல்லாம் ஆதியிலிருந்தே ஒழுங்காக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பிரபல ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் என்பவரை, ஜவுளித் தொழில் கௌரவமான தொழில் என்று நம்பிய அவருடைய தாயார் 1881-ம் வருஷம் பதினாலாவது வயதில் சவுத்ஸீ என்ற ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் கொண்டு போய் விட்டார். நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணி நேர வேலை; இரவில் மற்றப் பையன்களோடு ஒரே கொட்டடியில் படுக்கை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்து, 1883-ல் உதறிவிட்டு வெளியேறிப் படிப்புக்குத் திரும்பியதால்தான் உலகத்துக்கு ஒரு அறிவாளி கிடைத்தார். அந்த அனுபவத்தை வைத்தே 1905-ல் "கிப்ஸ்" என்ற நாவலையும் எழுதினார். 1886-ல் அங்கே கடைச் சிப்பந்திகளுக்கென்று செய்த சட்டங்கூட, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றுதான் சொல்லிற்று. எழுபத்து நாலு மணி என்பது அன்றைக்குக் கருணை!

இன்று அதே இங்கிலாந்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் கடையில் வேலை செய்யலாம். ஆனால் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் சனிக்கிழமையில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், அதற்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் எட்டு மணி நேரத்துக்கு மேலும், யாராயினும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யக்கூடாது. பள்ளிக்கூடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு மொத்தம் பன்னிரண்டு மணிதான். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் கூடவே கூடாது. அங்கும் குறையில்லாமலில்லை, பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி என்பது கிடையாது. ஆயினும் டாக்டர் மகனும் மாவு மில் கூலியின் மகனும் ஒரே கடையில் சனிக்கிழமை நின்று சாமான் அடுக்குவதை யாரும் அங்கே இழிவாகக் கருதுவதில்லை. நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது இதைத்தான்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. மேலே சொன்ன 1986-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, பதினாலு முதல் பதினெட்டு வயது வரையில் உள்ளவர்களை மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது. இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து நாளொன்றுக்கு ஆறு மணிதான். மாலை ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரையில் வேலையே கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை வேண்டும். நண்பர் வீட்டுப் பால்காரப் பையனை விடியற்காலையில் அனுப்புகிறவர் இந்தச் சட்டத்தைத் தினமும் மீறுகிறார் என்பதையும், பால் வாங்கிக் காய்ச்சிக் குடிக்கிற நாமும் அதற்கு உடந்தை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அன்றியும், கடையில் நிற்பவர்கள் உட்காருவதற்கு ஆசனம் போட வேண்டுமென்று 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் செய்தது. உட்காருவதற்குக்கூடச் சட்டம் வேண்டியிருந்தது என்றால் நம்முடைய முதலாளிகளின் யோக்கியதைக்கு வேறு நற்சாட்சிப் பத்திரம் வேண்டியதில்லை.

இனி, வேலைக்குப் போக விரும்பும் வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள்.

வேலை தேடுவதற்கு நல்ல நாள், ராகு காலம் பார்க்க வேண்டாம். கடைக்காரனுக்கு ஆள் தேவைப்படுகிற நாளே நல்ல நாள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன் நோட்டுப் புத்தகக் கடைக்கும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு மாதம் முன்பே ஜவுளிக்கடைக்கும், மாத ஆரம்பத்தில் மளிகைக் கடைக்கும் ஆள் வேண்டியிருக்கும். கூட்டம் நெரியும் மாலை வேளையில் போய் நின்றால் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள். சனிக்கிழமை காலையில் கடை திறந்து சற்று நேரத்தில் போக வேண்டும். தரகரும் வேண்டாம், "இன்னார் சொல்லியனுப்பினார்" என்ற சிபார்சும் வேண்டாம். நேரே முதலாளியையோ மேனேஜரையோ பார்த்து, பெயர், வகுப்பு, எந்தக் கிழமையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வர முடியும், கணக்குப் போடுவது, கம்ப்யூட்டரில் பில் போடுவது இவற்றில் எது தெரியும் என்பதைத் தலைநிமிர்ந்து சொன்னால் போதுமானது. கைகட்டி நிற்கத் தேவையில்லை. "நீ எந்த ஆளுங்க?" என்று கேட்டால், "பத்தாம் வகுப்பு ஆளுங்க" என்று சொல்லுங்கள். அதற்கு மேலும் ஜாதியைத் துருவுகிற கடையில் வேலை கிடைக்காமற் போனால் நஷ்டம் உங்களுக்கல்ல.

கூலி எவ்வளவு, எப்போது கையில் வரும் என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படுகிறவனுக்குக் கொடுப்பதற்கு யாரும் வெட்கப்படமாட்டார்கள். "தொழில் பழகு, பிறகு பார்க்கலாம்" என்பதும், "டீயும் சாப்பாடும் தீபாவளிக்கு ஒரு சட்டையும்" என்பதும் கூலியாகா. வயதுக்கு அத்தாட்சியாக நகல் கொடுக்கலாமே தவிர, மார்க் சீட்டின் அசலை எந்தக் கடையிலும் விட்டு வரக்கூடாது. அசல் போன இடத்தில் உங்கள் கால் கட்டப்பட்டுவிடும். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு சிறு நோட்டில் தினமும் குறித்து வாருங்கள். தீபாவளிச் சமயத்தில் அதிகக் கூலிக்கு ஆசைப்பட்டுப் பட்டாசுக் கடைக்குப் போக வேண்டாம். வெடிமருந்தும் தீப்பற்றும் பொருளும் உள்ள இடத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டவரை வைப்பது சட்டப்படி குற்றம். சனி, ஞாயிறு இரண்டில் ஒரு நாள் மட்டும் போங்கள். மற்றொரு நாள் படிப்புக்கும் விளையாட்டுக்கும் வேண்டும். பொதுப் பரீட்சை நெருங்கினால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் கடையில் நின்றால் மானம் போய்விடும் என்கிறீர்கள். அந்தப் பெண் தன் கையால் சம்பாதித்த முதல் நூறு ரூபாயை எண்ணிப் பார்க்கும்போது, யாரையும் கேட்காமல் ஒரு புத்தகம் வாங்க முடியும் என்று அறிந்து கொள்கிறாளே, அதுவல்லவா மானம்? பயம் நியாயமானதென்றால் பெண்ணைப் பூட்டுவது பரிகாரமாகாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் முறையீட்டை விசாரிக்கக் கமிட்டி இருக்க வேண்டுமென்று 2013-ல் சட்டம் வந்திருக்கிறது. அந்தக் கமிட்டி இருக்கிறதா என்று தகப்பனார் போய்க் கேட்கட்டும், அதில் வெட்கமொன்றுமில்லை.

படிப்புக் கெட்டுவிடும் என்பவர்களுக்கு ஒன்று கேட்கின்றோம். வாரத்தில் ஐந்து மணி நேர வேலையால் கெடுகிற படிப்பு, மற்ற நாட்களில் கையில் செல்போனோடு கழிகிற மணிகளால் கெடவில்லையா? ஒரு சாமானின் கொள்முதல் விலை என்ன, லாபம் எங்கிருந்து வருகிறது, கூலி எவ்வளவு குறைவு என்பதைக் கல்லாப் பெட்டியின் பக்கத்தில் நின்று பார்த்தவன், நாளைக்குத் தான் முதலாளியானாலும் உத்தியோகஸ்தனானாலும் எதிரில் நிற்கும் சிப்பந்தியை "டேய்" என்று கூப்பிடத் துணியமாட்டான். இந்தப் படிப்பை எந்தப் பள்ளிக்கூடமும் கொடுப்பதில்லை.

நண்பரின் மகனை நாம் கூப்பிட்டோம். அவர் கேட்டபடியே புத்தியும் சொன்னோம். "கூலியைப் பேசிக் கொண்டு போ, ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடு, அங்கே உன் வயதில் பள்ளிக்கூடமே போகாமல் நிற்கிற பையன் இருந்தால், அவன் ஏன் நிற்கிறான் என்று கேள்" என்பதே நாம் சொன்ன புத்தியாகும். நண்பருக்கு நம்மீது கோபம்தான். அந்தப் பால்காரப் பையனும் பகலில் பள்ளிக்கூடத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும், தன் இஷ்டப்படி, தக்க கூலிக்கு வேலை பார்க்கிற காலம் வருமானால், "அவன் கதை வேறே" என்று சொல்ல இந்த நாட்டில் ஒருவருக்கும் இடமிருக்காது.