ஊஃபர் வேறு, எல்.எஃப்.இ. வேறு!



போன தீபாவளிக்கு எங்க வீட்டில் 5.1 ஸ்பீக்கர் செட் வாங்கினோம். படம் போட்டால் ஜன்னலே அதிரும். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே குஷி. ஆனால் பாட்டி மட்டும், "பேசுறது ஒண்ணுமே கேக்கலடா" என்று எழுந்து போய்விட்டார். சத்தம் பத்தலைன்னு நினைச்சு ஊஃபரைக் கூட்டினோம். இன்னும் மோசம்! நாலு நாள் பாட்டி எங்களோடு உட்காரவே இல்லை.

தப்பு செட்டில் இல்லை. எங்களுக்குப் பெயர்கள் புரியவில்லை.

5.1-இல் முன்னால் இடது, நடு, வலது. பக்கவாட்டில் இடது, வலது. ஆக 5 சேனல். வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் வரும். மிச்சமுள்ள .1 தான் எல்.எஃப்.இ., அதாவது லோ ஃப்ரீக்வென்சி எஃபெக்ட்ஸ். இடி, வெடி போன்ற கனத்த சத்தங்களைப் படத்தில் தனியாகப் பதிவு செய்யும் சேனல். நம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று அறிவியலில் படித்தோமே, இந்தச் சேனல் சுமார் 120 ஹெர்ட்ஸ் வரைதான். முழு சேனல் இல்லை என்று காட்டத்தான் .1.

அப்போ ஊஃபர்? அது சேனல் இல்லீங்க, பெட்டி! எல்.எஃப்.இ. மட்டுமில்லை, சின்ன ஸ்பீக்கர்களால் முடியாத மற்ற சேனல்களின் தாழ்ந்த ஒலியும் அதற்குத்தான் போகும். இதற்கு பேஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர்.

கம்ப்யூட்டருக்கு வாங்கும் 2.1 செட்டில் கேட்கும் பாட்டில் எல்.எஃப்.இ. சேனலே கிடையாது. இருப்பது இடது, வலது மட்டும்தான். அங்கே .1 என்பது ஊஃபர் பெட்டியின் எண்ணிக்கை. ஒரே புள்ளி ஒன்று, இரண்டு அர்த்தம்!

"கேக்க நல்லா இருந்தா போதாதா, பேர் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். பேர் தெரிந்தால்தான் எந்தக் குமிழைத் திருப்புவது என்று தெரியும். விற்பவர்கள் அட்டைப்பெட்டி மேலேயே இதைத் தமிழில் விளக்க வேண்டும் என்பது என் கருத்து. நாமும் கடையில் "எவ்வளவு அதிரும்?" என்பதோடு, "வசனம் தெளிவா கேக்குமா?" என்றும் கேட்போம்.

கடைசியில் ஊஃபரைக் குறைத்து நடு ஸ்பீக்கரைக் கூட்டினோம். பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போ எங்களைவிட அவர்தான் அதிகம் படம் பார்க்கிறார்!

– 9-ஆம் வகுப்பு மாணவன்