அப்பாவின் கணினியை யார் தேர்வு செய்வது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதிலிருந்து வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் ஊரிலுள்ள பெற்றோரிடம் சொல்வது ஒன்றுதான்: "அந்தப் பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போடுங்கப்பா, புதுசா ஒண்ணு அனுப்பிடறேன்." அனுப்பியும்விடுகிறார்கள். வந்து இறங்குவது பெரும்பாலும் பிள்ளை தனக்கு வாங்கியிருக்கக்கூடிய ஒரு மடிக்கணினி. அப்பாவிடமோ அம்மாவிடமோ யாரும் எதுவும் கேட்டிருப்பதில்லை.

முதலில், பழையதை மாற்றித்தான் ஆக வேண்டுமா? இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏறிவிடும். அப்படிப்பட்ட கணினி மெதுவாக ஓடுகிறதென்றால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஜி.பி. ஆக்கினாலே புத்துயிர் வந்துவிடும். அதற்கும் பழையது என்றால் புதிது வாங்கலாம்.

'கைபேசி இருக்கும்போது இந்த வயதில் கணினி எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு நியாயமான கேள்விதான். ஓய்வூதியருக்கான வாழ்நாள் சான்றைக்கூட இன்று கைபேசியில் முகத்தைக் காட்டிக் கொடுத்துவிட முடிகிறது. ஆனால், முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்றைக் கைபேசியில் விரித்து விரித்துப் படிக்கச் சொல்வது கொடுமை. சங்கத்துக்குத் தீர்மானம் எழுதுபவருக்கும், பேரப்பிள்ளைக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் பெரிய திரையும் கைக்கு வாகான விசைப்பலகையும் வேண்டும்.

அதனால்தான் மேசைக்கணினி பக்கம் நிற்கிறேன். மடிக்கணினியின் 15 அங்குலத் திரையைக் குனிந்து பார்க்க வேண்டும். 24 அங்குலத் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, எழுத்தளவை 125 அல்லது 150 விழுக்காடாக்கி வைத்தால் கழுத்தும் கண்ணும் தப்பிக்கும். மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ். போதும், அதன் பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பிள்ளைகள் அறவே நினைத்துப் பார்க்காத விஷயம் தமிழ். அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் பலர் தட்டச்சில் லோயர், ஹையர் தேர்ந்தவர்கள்; விரல்கள் பழைய தட்டச்சு முறையிலேயே ஊறியிருக்கும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறை விண்டோஸ் 11-இல் உண்டு, ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழ் பெறும் முறையும் உண்டு. பழைய தட்டச்சு வேண்டுமானால் என்.எச்.எம். ரைட்டர் போன்ற ஒரு மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். இதைச் செய்யாமல் கொடுத்துவிட்டு, 'அப்பா கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை' என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை. வேகமாகத் தட்டச்சு செய்தவரை எழுத்து எழுத்தாகத் தேட வைத்தால் அவர் எழுந்துதான் போவார்.

இன்னொன்று, பழைய கோப்புகள். யூனிகோடு பரவுவதற்கு முன் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதங்களைப் புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுதியதெல்லாம் அழிந்துவிட்டது என்றே பெரியவர்கள் நினைத்துவிடுவார்கள். பழைய கணினியை எடைக்குப் போடும் முன் கோப்புகளோடு அந்த எழுத்துருக்களையும் நகலெடுத்து வையுங்கள்.

செயலியைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடையில் 'ஐ7 சார்' என்று குறைந்த விலைக்கு நீட்டினால், எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, நான்காம் தலைமுறை ஐ7-ஐ வேகத்தில் முந்திவிடும். சென்னை ரிச்சி தெருவில் திரையையும் விசைப்பலகையையும் தொட்டுப் பார்த்து வாங்கலாம். சென்னைக்குப் போக முடியாதவர்கள், பழுதென்றால் வீட்டுக்கு ஆள் அனுப்பும் உள்ளூர்க் கடையில் வாங்கலாம். இணையத்தில் கிடைக்கும் சிறு தள்ளுபடியைவிட அந்த ஆள் மதிப்புள்ளவர். எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ் இலவசம்.

மோசடி பயம் உண்மையானது. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களும், ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லித் திரையைத் தங்கள் கைக்குக் கொண்டுபோகிறவர்களும் ஓய்வூதியர்களையும் குறிவைக்கிறார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கு வைத்தால் ஓரளவு தடுக்கலாம். ஆனால், நிர்வாகிக் கடவுச்சொல்லைப் பிள்ளை மட்டும் வைத்துக்கொள்வது சரியாகப் படவில்லை. வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கடனை அடைத்தவர்கள் பெற்றோர். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அவர்களிடமே கொடுங்கள். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணையும் அதிலேயே எழுதுங்கள்.

பணம் நீங்கள் கட்டினாலும், பில்லை அப்பா அல்லது அம்மா பெயரில் போடச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலத்தில் பழுதானால் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகப்போகிறவர் அவர்தான்.