இல்லை என்று சொல்வதற்கு முன்

"கணிப்பொறியில் தேடிவிட்டேன், சிலப்பதிகாரத்தைப் பற்றிச் சொல்லும்படியான ஆய்வுகள் இல்லை." வடபுலத்துக் கல்லூரியொன்றில் இலக்கியம் பயிலும் நம் வீட்டுப் பெண் இவ்வாறு கூறியபொழுது நாம் திடுக்கிட்டோம். ஒப்பிலக்கியக் கட்டுரைக்கு இளங்கோவடிகளைத் தேர்ந்தவள், சான்று கிட்டவில்லையென்று வேறொரு காப்பியத்துக்கு மாறவிருந்தாள். ஆசிரியரும் அதற்கு இசைந்துவிட்டாராம். தரவுத்தளத்தில் அகப்படாதது உலகிலேயே இல்லாதது என்னும் இம்மயக்கத்தை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

அவள் செய்தது யாது? கல்லூரி நூலகத்தின் ஆய்வுத் தரவுத்தளத்தில், காப்பியத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரே விதமாக எழுதித் தேடினாள், அவ்வளவே. 1939இல் வெளிவந்த இராமச்சந்திர தீட்சிதரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அப்பெயர் 'எஸ்' என்னும் எழுத்தில் தொடங்குகின்றது. 1965இல் வெளிவந்த அலேன் தனியேலுவின் பெயர்ப்பில் அதனுடன் 'எச்' சேர்கின்றது. 1993இல் வந்த ஆர். பார்த்தசாரதியின் பெயர்ப்பிலோ 'சி' தலைமை பெறுகின்றது. ஆய்வாளர்களும் இவ்வாறே பலபடியாக எழுதுகின்றனர். பொறி எழுத்தை அறியுமேயன்றி இளங்கோவை அறியாது.

ஆதலின் எல்லா வடிவங்களையும் இட்டுத் தேடுதல் வேண்டும். இளங்கோ, கண்ணகி, தமிழ்க் காப்பியம் எனப் பிற சொற்களாலும் தேடுதல் வேண்டும். 'முழுக் கட்டுரை உள்ளவை மட்டும்' என்னும் வரையறையை நீக்கினால், குறிப்பளவில் நிற்பனவும் வெளிப்படும். நல்ல கட்டுரை ஒன்று கிட்டினால் அதன் அடிக்குறிப்புகளே மேலும் பலவற்றுக்கு வழிகாட்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் சோத்கங்காவையும் நாடலாம்.

இத்துணைப் பாடு எதற்கு என்பாரும் உளர். 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஊர்தோறும் அலைந்து ஏடுகளைத் தேடித் திரட்டியவர் அன்றோ? முதற்கதவு திறவாதபொழுதே அவர் திரும்பியிருந்தால் நமக்கு என்ன எஞ்சியிருக்கும்? நாற்காலியில் அமர்ந்து நான்கு முறை தேடுவதற்கு நாம் சலிப்பது நாணத்தக்கது.

பழி பிள்ளைகளுடையது மட்டும் அன்று. நாம் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றோம். விழா முடிந்ததும் அது பரணில் உறங்குகின்றது. எந்த நூலகத்துக்கும் படி அனுப்புவதில்லை; எந்த அட்டவணையிலும் அதன் கட்டுரைகள் ஏறுவதில்லை. நாமே மறைத்து வைத்ததைப் பொறி எங்ஙனம் காட்டும்? இவ்வாண்டு முதல் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றுக்கு மலர்ப்படிகளை அனுப்புவோம். கட்டுரைத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அச்சிடுவோம்.

அப்பெண் மீண்டும் தேடினாள். இளங்கோவடிகளை விட்டு அகலவில்லை. 'இல்லை' என்னும் சொல்லைத் தேடலின் முடிவில் சொல்லலாம். தொடக்கத்திலேயே சொல்வது தமிழுக்கு இழைக்கும் தீங்காகும்.