வரைபடத்தில் அருகில், கால அட்டவணையில் தொலைவில்

ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் நான் கிலோமீற்றரில் பதில் சொல்வதில்லை. அங்கே வாரத்துக்கு எத்தனை விமானம் போகிறது என்று திருப்பிக் கேட்பேன். ஏற்றுமதித் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம் அது. இதற்கு நல்ல உதாரணம் கொக்கோஸ் தீவுகள்.

இந்து சமுத்திரத்தில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான பவளத் தீவுக் கூட்டம் இது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வசிப்போர் 600 பேருக்கும் குறைவு. பெரும்பான்மையோர் மலாய் முஸ்லிம்கள். 19ஆம் நூற்றாண்டில் தென்னந்தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இத்தீவுகள் இலங்கை நிர்வாகத்தின் கீழ் இருந்ததை நம்மில் பலர் அறியமாட்டோம்.

பேர்த் நகரிலிருந்து இத்தீவுகளுக்கு நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து சுமார் 2,800. வரைபடப்படி நாமே அருகில் இருக்கிறோம். ஆனால் நாம் போவதானால் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் பேர்த் சென்று, அங்கிருந்து திரும்பி வர வேண்டும். மொத்தத்தில் 9,000 கிலோமீற்றருக்கும் அதிகம்.

பேர்த்திலிருந்து இடையில் தங்காமல் பறந்தால் நான்கு மணித்தியாலங்களுக்குச் சற்றுக் கூடுதலாகும். எனினும் தினசரி விமானம் கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் நான்கு மணித்தியாலப் பயணம் நான்கு நாள் பயணமாகிவிடும். விமானம் இறங்குவது வெஸ்ட் தீவில். மலாய் மக்கள் வாழும் ஹோம் தீவுக்குப் படகேற வேண்டும். சரக்குக் கப்பல் சில வாரங்களுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே பச்சைக் காய்கறி விமானத்தில் வருகிறது. விமானக் கூலி முழுவதும் அதன் விலையில் ஏறுகிறது.

ஒரு காலத்தில் நிலைமை வேறு. 1952 முதல் அவுஸ்திரேலியாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் இடையே பறந்த குவான்டாஸ் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இங்கே இறங்கின. 1960களில் நெடுந்தூரம் பறக்கும் ஜெட் விமானங்கள் வந்ததும் அந்தத் தேவை இல்லாமற் போயிற்று. பெருநகரங்களை ஒன்றுக்கொன்று நெருக்கமாக்கிய அதே விமானம் இத்தீவை மேலும் தூரமாக்கிவிட்டது.

இன்று அவுஸ்திரேலிய அரசு பொது நிதியிலிருந்து கைகொடுப்பதால்தான் விமான சேவை நடக்கிறது. இத்தனை சிறிய கூட்டத்துக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. வர்த்தகன் என்ற முறையில் அந்தக் கேள்வி எனக்குப் புரிகிறது. ஆனால் உடன்பட முடியவில்லை. கடற்கண்காணிப்பு விமானங்கள் இறங்குவதற்காக அதே ஓடுபாதையைத் தரமுயர்த்தும் திட்டத்தை அந்த அரசே வகுத்திருக்கிறது. தீவின் இருப்பிடத்தால் நாடு முழுவதற்கும் இலாபம். அப்படியானால் அதே இருப்பிடத்தால் வரும் நட்டத்தை அந்த 600 பேரின் தலையில் மட்டும் கட்டுவது எந்தக் கணக்கு?

தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். தூரத்து ஊருக்கு விலை சொல்லுமுன் வரைபடத்தை மூடிவிட்டு விமான, கப்பல் கால அட்டவணையைத் திறவுங்கள். பிறகு, அந்த விலையைக் கொடுத்து வாங்கப்போகும் குடும்பத்தையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.