சாகச் சொன்னாலும் கேட்காத கலம்

 

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் ஒருவராவது வெற்றிலை பாக்குப் போடுகிறவர் என்றால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

"பாக்கும் புகையிலையும் கூடாது" என்று ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது. "எங்கட மூத்தவாப்பா எண்பது வயசு மட்டும் போட்டவர். அவருக்கு என்ன நடந்தது?" நியாயமான கேள்விதான். நோயாளியின் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது இதற்குப் பதில் ஆகாது. வாய்க்குள் என்ன நடக்கிறது என்று விளங்கப்படுத்த வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். நம் உடம்பில் கலங்கள் ஒழுங்காக இறப்பதால்தான் நாம் நலமாக இருக்கிறோம். தாயின் வயிற்றில் குழந்தையின் விரல்களுக்கு இடையில் தசை ஒட்டிக்கொண்டிருக்கும். அங்குள்ள கலங்கள் உரிய நேரத்தில் இறப்பதால்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. வளர்ந்தவர் உடம்பிலும் தினமும் பல ஆயிரம் கோடிக் கலங்கள் இப்படி ஓசையில்லாமல் இறக்கின்றன. பழையதும் பழுதானதும் போய்ப் புதியது வருகிறது. இதைத்தான் திட்டமிட்ட கல இறப்பு என்கிறோம். 1972 இல் கெர், வைலி, கறி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

"இறந்துவிடு" என்ற செய்தி கலத்துக்கு எப்படிப் போகிறது? அதற்கு ஒரு வழி, வீட்டுக் கேற்றில் இருக்கும் பெல் மாதிரியானது. வெளியே பொத்தான், நடுவில் வயர், உள்ளே மணி. கலத்தின் மேற்பரப்பில் 'இறப்பு வாங்கிகள்' என்ற புரதங்கள் உள்ளன. அவைதான் பொத்தான். அவற்றில் பேர்போனது ஃபாஸ். 1989 இல் ஜப்பானிலும் ஜேர்மனியிலும் தனித்தனியாக இதன் தடயத்தைப் பிடித்தார்கள். நம்முடைய நிர்ப்பீடனக் கலங்கள் பழுதான கலத்தைக் கண்டால் இந்தப் பொத்தானை அழுத்துகின்றன.

வயர் எது என்பது 1995 இல் தெரியவந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், விஷ்வ தீக்சித்தின் ஆய்வுகூடத்தில் மாணவராக இருந்த அருள் சின்னையனும் கூட இருந்தவர்களும் ஃபாட் என்ற புரதத்தைக் கண்டறிந்தார்கள். பெயரிலேயே தமிழ் இருக்கிறது, கவனியுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1996 இல் அதே ஆய்வுகூடமும் இன்னொரு குழுவும் உள்ளே இருக்கும் மணியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் கஸ்பேஸ்-8. அது ஒரு நொதியம். அது விழித்துக்கொண்டால் அடுத்தடுத்த நொதியங்களும் விழித்து, கலத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒழுங்காக அப்புறப்படுத்திவிடும்.

சரி, இதற்கும் வெற்றிலைத் தட்டத்துக்கும் என்ன தொடர்பு?

புகையிலை மெல்லுகிறவர்களுக்கு அதிகமாக வருவது ஈற்றிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தோன்றும் புற்றுநோய். அந்தக் கட்டிகளின் மரபணுக்களை இந்திய ஆய்வாளர்கள் வாசித்து 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். திரும்பத் திரும்பப் பழுதாகியிருந்த மரபணுக்களில் ஒன்று கஸ்பேஸ்-8 உடையது. எல்லா நோயாளிகளிலும் அது பழுதாகவில்லை, வேறு மரபணுக்களும் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் கஸ்பேஸ்-8 பழுதானால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். வெளியே பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் உள்ளே மணி அடிக்காது. சாக வேண்டிய கலம் சாகாமல் பெருகும்.

மூத்தவாப்பாவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஒவ்வொரு வாய் பாக்கும் ஒரு சீட்டிழுப்பு. பழுது எந்த மரபணுவில் விழும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு ஆபத்தான சீட்டு விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தப்பியவரைத்தான் நாம் உதாரணம் காட்டுகிறோம், தப்பாதவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.

"புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்பவர்களும் இருக்கிறார்கள். வெற்றிலை இலையில் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. மெல்லும் புகையிலைப் பொருட்களை 2016 செப்டெம்பரில் நமது நாட்டில் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் 'மாவா' பாக்கு யாழ்ப்பாணத்தில் பிடிபடும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

"இப்ப புது மருந்து இருக்குத்தானே" என்றும் சொல்கிறார்கள். உண்மைதான். ஜப்பானின் தசுக்கு ஹொஞ்சோவின் ஆய்வுகூடம் பிடி-1 என்ற வாங்கியை 1992 இல் கண்டறிந்தது. அது நிர்ப்பீடனக் கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் பிரேக். அதை விடுவிக்கும் மருந்துகள் வந்தன, 2018 இல் அவருக்கு நொபெல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த மருந்து எல்லா நோயாளிக்கும் கேட்பதில்லை, விலையோ சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியதல்ல. அப்படியென்றால் ஃபாஸ் பொத்தானையே மருந்தால் அழுத்தினால் என்ன? 1993 இல் எலிகளில் அழுத்திப் பார்த்தார்கள். நல்ல ஈரல் கலங்களும் சேர்ந்து இறந்து, எலிகள் சில மணி நேரத்திலேயே செத்தன. இதில் குறுக்கு வழி கிடையாது.

ஆகவே எங்கள் கருத்தைத் திறந்து சொல்கிறோம். கல இறப்பைப் பற்றிய பாடம் உயர்தர உயிரியல் மாணவருக்கு மட்டும் போதாது. மாவா எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கே வந்துவிடுகிறது, விளக்கமும் அந்த வயதிலேயே போக வேண்டும். பொத்தான், வயர், மணி என்று சொன்னால் அவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

கடைக்காரச் சகோதரர்களே, பாடசாலைப் பிள்ளைக்குப் பாக்குப் பக்கற் விற்காதீர்கள். அந்தப் பத்து இருபது ரூபா இலாபம் உங்களுக்கு வேண்டாம்.

கலியாண வீடு, மௌத்து வீடு என்று தட்டம் வைப்பவர்களே, உபசரிப்பு நல்ல பழக்கம். தட்டத்தில் பாக்குக்குப் பதிலாகப் பேரீச்சம்பழமோ கற்கண்டோ வைத்தால் மரியாதை ஒன்றும் குறையாது. புகையிலைத் தோட்டத்தை நம்பி வாழும் குடும்பங்கள் நம் குடாநாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன என்பதும் எங்களுக்குத் தெரியும். அவர்களைத் திட்டிப் பயனில்லை. மாற்றுப் பயிருக்கு உதவி கேட்டு அவர்களோடு சேர்ந்து குரல் கொடுப்போம்.

இப்போது போடுகிறவர்கள் இன்றைக்கே கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை இருக்கிறதா? இரண்டு மூன்று கிழமையாக ஆறாத புண் இருக்கிறதா? உறைப்பு பட்டால் எரிகிறதா? வாய் முன்னரைப் போலத் திறக்க மறுக்கிறதா? ஒன்று இருந்தாலும் அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், பணம் தேவையில்லை. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையே இருக்கிறது. அதற்காக 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்தார்கள். அவ்வளவு தூரம் மற்றவர்கள் நமக்காக நடந்தார்கள், நாம் பல் வைத்தியரிடம் போகும் தூரமாவது நடப்போம்.

உங்கள் வீட்டில் வெற்றிலை போடும் பெரியவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அவர் கேள்வி கேட்டால் கீழே எழுதுங்கள், எங்களுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.